ஆண்டவரை இறக்கும் துணி

உபதேசியார் இன்னும் கற்றூணை விட்டு நகரவில்லை. பாடுகளின் பிரசங்கத்தில் ஆண்டவரைக் கட்டிவைத்து அடிக்கிற இடத்திலேயே நின்றுகொண்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு இழுவை இழுத்து, அந்த இழுவைக்குப் பெண்கள் பக்கத்திலிருந்து அழுகை எழும்பி அடங்கும்வரை காத்திருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த அடிக்குப் போனார். இனி முள்முடி. முள்முடியிலிருந்து பிலாத்துவின் வாசல். வாசலிலிருந்து சிலுவையைத் தூக்கி, விழுந்து எழுந்து, எருசலேம் பெண்களுக்கு ஆறுதல் சொல்லி, கல்வாரி ஏறி, ஆணி அடிபட்டு, தாகம் என்று கேட்டு, தலை சாய்ந்து... இத்தனையும் முடிந்தால்தான் கயித்தான் கையைத் தூக்கலாம். பீடத்துக்கு முன்னால் நட்டிருந்த பெரிய சிலுவைக்குப் பின்னால் சாத்திய ஏணியில், வெள்ளை அங்கியும் தோளில் சிவப்புத் துண்டுமாக அவன் நின்றிருந்தான். மற்றப் பக்கத்து ஏணியில் பஸ்தியான். நடுவில் ஆள் உயரத்துப் பாடுபட்ட மரச் சுரூபம். திருப்பாடுகளின் சபையார் ஏணியில் கால் வைத்தால் ஆண்டவரை இறக்கி ஆசந்தி என்கிற பாடையில் கிடத்துகிறவரை வாய் திறக்கக் கூடாது, அவர்களிடமும் யாரும் பேசக் கூடாது. மறந்து பேசிவிடாமல் இருக்க நாக்குக்கு அடியில் ஒரு கிராம்பை வைத்துவிடுவார்கள். கயித்தானுக்கு நாக்கு மரத்துப்போய் வெகுநேரமாகிவிட்டது. அவன் மனைவி கித்தேரி நேற்று விடியற்காலையிலிருந்து பிள்ளை வலியில் கிடந்தாள்.

காலையில் அவன் புறப்பட்டபோது அவள் கத்தவில்லை. அதுதான் இப்போது அவனை அரித்தது. நேற்று முழுக்கக் கத்தினாள், தெருவில் போகிறவர்கள் நின்று சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள், வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் அடியில் உட்கார்ந்து இவன் காதைப் பொத்திக்கொண்டான். கத்துகிறவளுக்கு மூச்சு இருக்கிறது என்பது அப்போது தெரியவில்லை. விடிந்த பிறகு முனகல் மட்டும் வந்தது, அதுவும் யாரோ தூரத்தில் பாய் இழுக்கிற மாதிரி. மருத்துவச்சி பிலோமி வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே, "பிள்ளை குறுக்க கெடக்கு தம்பி. திருப்பிப் பாக்குதேன். என் கையில இருக்கது இவ்வளவுதான், மிச்சம் மேல இருக்கவரு கையில" என்றாள். மேலே இருக்கிறவர் கையிலா? அவர் கை இரண்டிலும் இன்றைக்கு ஆணி அல்லவா இருக்கிறது? இப்படி நினைத்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோவிலுக்குள், அதுவும் பெரிய வெள்ளிக்கிழமை, அதுவும் அவர் விலா எலும்பு தன் தோளில் உரசிக்கொண்டிருக்கும்போது. நினைக்கவில்லை, நான் நினைக்கவில்லை, அது தானாக வந்தது. தானாக வருகிறதற்கெல்லாம் அவளைப் பிடிக்காதேயும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று "நான் போகட்டுமா?" என்று கேட்டிருந்தான். பிறகு கித்தேரியின் குரல், அவளுடையது போலவே இல்லாத குரல், "போங்க. போயி அந்தத் துணியக் கொண்டாங்க" என்றது. அவன் போனான். போனான் என்பதா, ஓடினான் என்பதா? தெரு முனை திரும்பி அந்த முனகல் கேட்காமல் போனதும் நெஞ்சு லேசானது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்குக் கூலி கேட்காமல் விடுவார்களா மேலே?

துணி இதோ இருக்கிறது. ஆண்டவரின் இரண்டு அக்குளுக்கும் அடியில் கொடுத்து, நெஞ்சோடு சுற்றி, சிலுவையின் குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால் கொண்டுவந்து, காலையில் இவன் தன் கையாலேயே முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி. ஆணியைப் பிடுங்கிய பிறகு உடல் அதில்தான் தொங்கும். முடிச்சை நெகிழ்த்திக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கீழே நிற்கிறவர்கள் கையில் வந்து இறங்கும். ஒவ்வொரு வருஷமும் புதுத் துணி. ஆண்டவரை நோகாமல் இறக்கின துணி பிள்ளையையும் நோகாமல் இறக்கும் என்பது இந்தத் துறைப் பெண்களின் நம்பிக்கை. பங்குச் சாமியார் அதை ஒப்புக்கொள்வதில்லை, வேண்டாம் என்று சொல்வதுமில்லை. ஆசந்தி புறப்பட்டதும் துணியைப் பிள்ளைவலிக்காரி மார்பில் சாத்தினால் எப்பேர்ப்பட்ட கஷ்டப் பிரசவமும் கழிந்துவிடும், அதன்பின் கிழித்து வீட்டுக்கு ஒரு துண்டாகக் கொடுத்துவிடுவார்கள். போன வருஷத்துத் துண்டுகளை மூன்று வீட்டில் கேட்டு வாங்கிக் கித்தேரியின் வயிற்றில் கட்டிப் பார்த்தாகிவிட்டது. இரவல் துண்டு எதற்கு ஆகும்? யார் யார் பிரசவத்திலோ செலவழிந்துபோன துணி. தன் வீட்டுத் துண்டு இருந்திருந்தால்! அதைத்தான் தன் கையாலேயே இரண்டாவது பிள்ளையோடு குழிக்குள் வைத்தானே. கல்லறைத் தோட்டத்து மணல், கையகலப் பெட்டி, அதன்மேல் அந்தத் துண்டு. முதலாவது பையன் அழவே இல்லை, மருத்துவச்சி அவசரமாக ஞானஸ்நானம் என்று தலையில் தண்ணீர் ஊற்றி வாயில் வந்த பேரைச் சொன்னாள். இரண்டாவது பெண் ஒரு பகல் முழுக்க இருந்தாள். அது போதாதா? இல்லை, போதாது. முடிச்சுப் போடுகிறவனுக்குத்தான் துணியில் முதல் உரிமை. இந்த வருஷம் முறை கயித்தானுடையது. அதனால்தான் வந்தான். அதனால் மட்டும்தான் வந்தான், ஓடி வரவில்லை, காதைப் பொத்திக்கொண்டு வரவில்லை, துணிக்காக வந்தான்.

உபதேசியார் முள்முடிக்கு வந்துவிட்டார். ஒரு முள் நெற்றியில் ஏறுகிறது, ஒரு முள் கண்ணருகே. மெதுவாக, ஐயா, மெதுவாக என்று யாராவது சொன்னால்கூட இத்தனை மெதுவாகச் சொல்ல முடியாது. முள்முடியை இவர் தாமே முடைந்துகொண்டிருக்கிறாரா என்று கயித்தானுக்கு ஆத்திரமாக வந்தது. ஆள் நல்ல மனிதர்தான், தபசுகாலம் முழுக்க விரதம் இருந்து கன்னம் ஒட்டிப்போனவர். வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் ஊர் அவர் வாயைப் பார்க்கிறது, விடுவாரா? சாமிக்கு ஒரு நாள் என்றால் பூசாரிக்கும் ஒரு நாள். பஸ்தியான் சிலுவைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாலேயே என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று கயித்தான் கண்ணாலேயே சொன்னான். காலையில் முடிச்சுப் போடும்போது, அப்போது பேசலாம், இந்தப் பஸ்தியான், "லே, நீ போட்ட முடிச்ச கம்பெனிச் சிப்பாயி துப்பாக்கியோட வந்தாலும் அவுக்க முடியாது. கொஞ்சம் எளக்கிப் போடு" என்று சிரித்தான். இளக்கிப் போடவில்லை. ஆண்டவரைத் தவறவிட்டவன் என்ற பேர் வந்தால் பேரப்பிள்ளை காலம்வரை போகாது என்று இறுக்கிப் போட்டான். பேரப்பிள்ளை! முதலில் பிள்ளை பிறக்கட்டும்.

கடலில் அவன் வேலை கயிறு பிடிப்பது. சலாபம் நடக்கிற மாதங்களில் முத்துக் குளிக்கிறவன் காலில் கல்லைக் கட்டி உள்ளே போவான், மேலே வள்ளத்தில் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கயித்தான் நிற்பான். துரைமார் குடைபிடித்துக் கரையில் உட்கார்ந்து சிப்பிக்குவியலைப் பார்ப்பார்கள்; கயித்தான் கயிற்றைத் தவிர எதையும் பார்க்க மாட்டான். கீழே இருக்கிறவன் முகம் தெரியாது, குரல் கேட்காது, கயிறு மட்டும் பேசும். ஒரு சுண்டு சுண்டினால் இழு. சுண்டாவிட்டாலும், இவ்வளவு நேரம் ஆகக்கூடாதே என்று உள்ளங்கை சொல்லும், அப்போதும் இழு. அவன் கையில் ஒருத்தனும் சாகவில்லை. சுறா அடித்தவனைக்கூட உயிரோடு மேலே கொண்டுவந்திருக்கிறான். இந்தக் கைக்குத் தெரியாத ஒன்று உண்டா என்று ஊரே சொல்லும். கித்தேரி இப்போது எத்தனை பாகம் ஆழத்தில் இருக்கிறாள்? யார் கையில் கயிறு? வீட்டிலிருந்து கோவில்வரை ஒரு கயிறு இருந்தால், மணலுக்கு மேலே, வேலிக்கு மேலே, கோவில் ஜன்னல் வழியாக இந்த ஏணிவரை ஒரு கயிறு வந்தால்... உள்ளங்கை அரித்தது. துணியைப் பிடித்துப் பார்த்தான். துணி பேசவில்லை, அது மரத்தைச் சுற்றியிருந்தது. நேற்று விடியலிலிருந்து இன்று மத்தியானம்வரை எந்தக் குளிகாரனும் மூச்சுப் பிடித்ததில்லை. அவளுக்கு என்ன செவுளா இருக்கிறது?

அவன் முகத்துக்கு நேரே ஆண்டவரின் தலை. பறங்கிக் கப்பலில் வந்த சுரூபம் என்று சொல்வார்கள். முகம் நம் ஊர் முகம் இல்லை, மூக்கு நீளம், கன்னம் குழி. ஆனால் வருஷா வருஷம் சபையார் கழுவி, எண்ணெய் போட்டு, காயத்துக்கெல்லாம் சிவப்பு தீட்டித் தீட்டி, இப்போது பார்த்தால் கடலில் காய்ந்த எவனோ ஒரு சொந்தக்காரன் மாதிரிதான் இருக்கிறது. தோளில் தோல் மூட்டு வைத்திருந்தார்கள், ஆணி கழன்றதும் கை மனிதக் கை போலவே சரிந்து விழும். தலைமுடி மட்டும் மரத்தில் செதுக்கியதல்ல, பொம்மை முடியுமல்ல, இந்த ஊர்ப் பெண் ஒருத்தி நேர்ந்து கொடுக்கிற முடி. இந்த வருஷத்து முடி கித்தேரியுடையது. இரண்டாவது பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்றே சொல்லிவிட்டாள். "வேண்டாம்டி, பொம்பளைக்கு அழகே..." என்று இவன் ஆரம்பித்தான். "அழகு எனக்கெதுக்கு? அவருக்குத் தலையில போட ஒண்ணும் இல்ல, எனக்கு மடியில போட ஒண்ணும் இல்ல. நான் அவருக்குக் குடுக்குதேன், அவரு எனக்குக் குடுக்கட்டும்" என்றாள். வியாபாரம் பேசுகிற மாதிரிதான் சொன்னாள், சிரிக்கவில்லை. மடியில் வந்து விழுந்த பின்னலை அவளே எடுத்துச் சுருட்டினாள். மொட்டைத் தலையோடு அவள் அடுப்பு ஊதியதைப் பார்த்து முதல் சில நாள் இவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது அந்த முடி இங்கே, முள்முடிக்கு அடியில், ஆண்டவரின் தோளில் புரண்டுகொண்டிருந்தது. சாம்பிராணியும் கற்பூரமும் ஏறியிருந்தும் உள்ளே எங்கேயோ அவள் எண்ணெய் வாசம் இருந்தது. இருந்ததா, அல்லது இவன் மூக்கு இல்லாததைத் தேடிக் கண்டுபிடித்ததா? மூக்கைக் கொஞ்சம் அருகே கொண்டுபோனான். இருந்தது.

கொடுத்தாளே. வாங்கிக்கொண்டீரே. வாங்கிய கையோடு சும்மா இருப்பது எந்த ஊர் நியாயம்? நீர் செத்தீர், சரி, ஒரு தடவை செத்தீர். வருஷா வருஷம் உம்மைச் சாகடிக்கிறோம், வருஷா வருஷம் மூன்றாம் நாள் எழுந்துவிடுகிறீர். பட்டாசு போடுகிறோம், ஆட்டுக்கறி சமைக்கிறோம். அவள் எழுவாளா? கல்லறைத் தோட்டத்தில் இரண்டு கிடக்கின்றனவே, ஒன்றாவது எழுந்ததா? உம் அம்மாவின் நெஞ்சில் ஏழு வாள் பாய்ந்த துக்கத்தை உபதேசியார் பாடுவார், அந்த அம்மா உம்மைத் தொழுவத்தில் பெற்றபோது நோகவே இல்லை என்று பிரசங்கத்திலேயே இருக்கிறது, உமக்கு எங்கே தெரியும்? போதும், போதும், நிறுத்து. நினைப்பு அவருக்குக் கேட்காது என்பதில்லை, உள்ளே நினைப்பதைத்தான் அவர் முதலில் கேட்கிறார் என்றுதானே பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறார்கள். நான் ஏணியில் நின்று திட்டினேன், அந்த நிமிஷம் அங்கே அவளுக்கு... அப்படி நடக்காது. அப்படியும் நடக்கும். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினான். பாதியில், பிலோமி கையைக் கழுவிய தண்ணீரின் நிறம் நினைவுக்கு வந்து ஜெபம் அறுந்துபோனது. மறுபடி தொடங்கினான். மறுபடியும் அதே இடத்தில் அதே தண்ணீர். வள்ளம் பாறையில் தட்டுகிற மாதிரி, திருப்பித் திருப்பி அந்த ஒரே வார்த்தையில் வந்து தட்டியது, உம்முடைய திருவயிற்றின் கனியும், திருவயிற்றின், வயிற்றின். சிலுவைக்கு அந்தப் பக்கம் பஸ்தியான் வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

ஆண்டவர் இரண்டாம் முறை விழுந்துகொண்டிருந்தபோது பெண்கள் பக்கத்து வாசலில் நத்தாள் வந்து நின்றாள். கித்தேரியின் தங்கை. நேற்றிலிருந்து அந்த அறையை விட்டு நகராதவள். கோவிலே அழுதுகொண்டிருந்தது, அவளும் அழுதாள், அதில் ஒன்றுமில்லை. பெரிய வெள்ளிக்கிழமை இந்தக் கோவிலுக்குள் வந்து அழாத பெண் இருந்தால்தான் அதிசயம். துக்கத்துக்குக் கருப்புச் சீலை, அதுவும் எல்லோரும்தான். ஆனால் நத்தாள் தலையை விரித்துப் போட்டிருந்தாள். கயித்தான் ஏணியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். கலியாணம் ஆன பெண்கள் இன்றைக்கு ஆண்டவருக்காகக் கொண்டையை அவிழ்த்துப் போடுவார்கள். கன்னிப்பெண்கள் அவிழ்க்க மாட்டார்கள். கன்னிப்பெண் தலைவிரித்தாள் என்றால் அவள் சொந்த வீட்டில் பிணம் கிடக்கிறது என்று அர்த்தம், இந்தத் துறையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த அர்த்தம். நத்தாளுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. இல்லை, அவசரத்தில் அவிழ்ந்திருக்கும். ஓடி வந்திருப்பாள், ஓடினால் கொண்டை அவிழாதா? அவிழும், ஒரு பக்கம் சரியும், பாதி தொங்கும். இது சரியவில்லை. இரண்டு தோளிலும் சமமாக, வேண்டுமென்றே உதறிப் போட்டது. அவளைச் சுற்றி இருந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள், பார்த்து நகர்ந்து வழி விட்டார்கள். ஏன் வழி விட வேண்டும்? துக்கத்துக்காரிக்குத்தான் வழி விடுவார்கள்.

துக்கமணி அடித்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் வியாழக்கிழமையே மணி நாக்கைக் கட்டிவிட்டார்கள். ஞாயிறு ஆண்டவர் உயிர்க்கும்வரை ஊரில் யார் செத்தாலும் மணி கிடையாது, மரக்கட்டைதான், அந்தக் கட்டையும் ஆண்டவருக்கு மட்டும்தான். செத்த செய்தியைக்கூடச் சொல்ல வழியில்லாத நாளில் போய்விட்டாளா? நத்தாள் அவனை நேராகப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சபை மூப்பர் எஸ்தாக்கி ஆசந்திக்குப் பக்கத்தில் நின்றவர், உதட்டில் விரலை வைத்து அவளை முறைத்தார், அவள் வாயை மூடிக்கொண்டாள். அக்கா பிழைத்திருந்தால் இவள் சிரித்திருப்பாள். பிள்ளை பிறந்திருந்தால் கையாலாவது காட்டியிருப்பாள், தாலாட்டுகிற மாதிரி ஒரு ஆட்டு ஆட்டியிருந்தால் போதுமே. ஒன்றும் காட்டாமல் மார்பில் அடித்துக்கொண்டாள். துணிக்காக வந்திருப்பாளோ? துணியை நானே கொண்டுவருவேன் என்று சொல்லித்தானே வந்தேன், அவள் ஏன் வர வேண்டும்? இல்லை. இனித் துணி எதற்கு? அவன் மனது அந்தத் தலைமுடியைச் சுற்றிச் சுற்றி வந்தது, ஒரு பக்கம் நுழைந்து பார்த்தது, மறுபக்கம் நுழைந்து பார்த்தது, எந்தப் பக்கம் போனாலும் பிணத்தின் காலடியில்தான் கொண்டுபோய் விட்டது. செத்துவிட்டாள். கித்தேரி செத்துவிட்டாள். போங்க, போயி அந்தத் துணியக் கொண்டாங்க.

அப்புறம் ஒன்று நடந்தது, அதை அவனால் யாரிடமும் சொல்ல முடியாது. அவனுக்கு நிம்மதியாக இருந்தது. இனிப் பயப்பட ஒன்றுமில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? உபதேசியார் இனி எத்தனை மெதுவாகப் போனாலும் சரி. கல்வாரியிலேயே குடியிருக்கட்டும். ஜெபம் வரவில்லை, திட்டவும் தோன்றவில்லை. கோவில் வெளிச்சம், மெழுகுவத்தி, அழுகிற முகங்கள், எல்லாம் தெளிந்த நாள் கடலடி போலத் துல்லியமாக, அவனுக்குச் சம்பந்தமில்லாமல் தெரிந்தன. தூக்கம் வருகிற மாதிரிகூட இருந்தது. பெண்டாட்டி செத்த செய்தி கேட்டு ஒருவனுக்குத் தூக்கம் வருமா? அவனுக்கு வந்தது. தன்னை நினைத்துத் தானே வெட்கப்பட்டான், அந்த வெட்கமும் வேறு யாருடையதோ போலத் தூரத்தில் இருந்தது.

"தலை சாய்ந்து ஆவியை ஒப்புக்கொடுத்தாரே!" என்று உபதேசியார் அலறினார். மரக்கட்டை தடதடவென்று அடித்தது. கோவில் முழுக்க முழங்காலில் விழுந்து அழுதது. கீழேயிருந்து குறடு வந்தது. பஸ்தியான் இடக்கை ஆணியைப் பிடுங்கினான், கை சரிந்தது. கயித்தான் வலக்கை ஆணியைப் பிடுங்கினான், தோல் மூட்டு முனகிக்கொண்டு மடங்கியது, ஆண்டவரின் கை இவன் கழுத்தைச் சுற்றி வந்து விழுந்தது. பிறகு கால் ஆணி. முழுப் பாரமும் துணியில் தொங்கியது, துணி குறுக்குச் சட்டத்தில் கிறீச்சிட்டது. இனி முடிச்சை நெகிழ்த்த வேண்டியது அவன் வேலை. அவன் நெகிழ்த்தவில்லை. சுரூபத்தின் தலை அவன் தோளில் சாய்ந்திருந்தது, முடி அவன் முகத்தில், கண்ணில், வாயில். அந்த எண்ணெய் வாசம். இதை இறக்கினால் ஆசந்தியில் வைப்பார்கள், துணி போட்டு மூடுவார்கள், தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் அவளுடையது என்று தொடுவதற்கு ஒன்றும் இராது. வீட்டில் கிடப்பவளுக்கு முடிகூட இல்லை. அவன் ஒரு கையால் மரத்து முதுகைச் சேர்த்து அணைத்துக்கொண்டு முடிக்குள் முகத்தைப் புதைத்து விம்மினான். பஸ்தியான் அவன் கையில் தட்டினான், இவன் திரும்பவில்லை. கீழே கூட்டம் பார்த்தது. ஏணியில் நிற்கிறவன் ஆண்டவரை விடமாட்டாமல் கட்டிக்கொண்டு அழுகிறான்! இப்படி ஒரு பக்தியை இந்த ஊர் கண்டதுண்டா? கிழவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், உபதேசியார் குஷி பிறந்து, புத்தகத்தில் இல்லாத புலம்பல் ஒன்றைக் கட்டிப் பாட ஆரம்பித்தார், அழுகை கூரையை முட்டியது. மூப்பரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. புலம்பல் ஒரு சுற்று முடிந்து மறு சுற்று தொடங்கியது.

"மச்சான்!"

பெண்கள் பக்கத்துக் கயிற்றைத் தாண்டி நத்தாள் ஓடிவந்து ஏணியின் காலைப் பிடித்திருந்தாள். "ஏட்டி, வாய மூடு! ஏணியில நிக்கவன்ட்ட பேசாத!" என்று மூப்பர் பாய்ந்தார். அவள் அவரைத் தள்ளினாள், நிஜமாகவே நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். "மச்சான், எறக்குங்க! என்னத்துக்குக் கட்டிக்கிட்டு நிக்கிறீக? அக்கா உசுரோட கெடக்கா! பிள்ளை திரும்பிட்டு, எறங்க மாட்டேங்கு. வீட்டுல ஒரு முடிச்சு இருக்கப்படாதுன்னு பிலோமி சொல்லிட்டா. பெட்டிப் பூட்டு, கதவுத் தாழ், வலைக் கட்டு, எங்க கொண்டை, எல்லாத்தையும் அவுத்தாச்சு. உங்க கையால போட்ட முடிச்சு ஒண்ணுதான் பாக்கி. அத அவுத்து அந்தத் துணியத் தாங்க. எம்புட்டு நேரமா நிக்கேன் மச்சான்!" புலம்பல் பாதியில் நின்றது. கோவிலில் கைக்குழந்தைகள் மட்டும் அழுதுகொண்டிருந்தன. பிள்ளை வலி கண்ட வீட்டில் பெண்கள் தலையை அவிழ்ப்பார்கள். ஆண்களுக்கு அந்த அறையில் என்ன வேலை, கயித்தான் அதை எங்கே கண்டான்? காதைப் பொத்திக்கொண்டு வள்ளத்தடியில் உட்கார்ந்திருந்தவன் எதைக் கண்டான்?

அவன் முடிச்சில் கைவைத்தான். முடிச்சு கல்லாகியிருந்தது. பாரம் தொங்குகிற முடிச்சை ஐந்து வயதிலிருந்து கயிறு பிடிப்பவனாலும் அவிழ்க்க முடியாது. பாரத்தை முதலில் எடுக்க வேண்டும். இத்தனை நேரமும் அவன் அணைத்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம் பாரம் அதை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு படி கீழே இறங்கி, ஆண்டவரின் அக்குளுக்கடியில் தோளைக் கொடுத்து, ஏணி வளைய எம்பினான். துணி மயிரிழை தளர்ந்தது. "பிடிலே பஸ்தியான், தூக்குலே!" என்று கத்தினான், ஏணியில் நின்று சபையான் ஒருத்தன் பேசிய முதல் பேச்சு அதுதான். மற்றப் பக்கத்தில் பஸ்தியான் வாயைத் திறக்காமல் தூக்கினான். கயித்தான் முடிச்சில் பல்லைக் கொடுத்தான். கோடித் துணி, கஞ்சிப் பசை நாற்றம், நூல் பல்லில் அறுந்தது, ஈறு கிழிந்தது. ஒரு மடிப்பு அசைந்தது. இன்னொன்று. பிறகு சரசரவென்று முழுவதும் கழன்று ஓடியது. கீழே நத்தாள் நுனியைப் பிடித்து இழுத்த வேகத்தில், ஆண்டவரின் நெஞ்சைச் சுற்றியிருந்ததும் உருவிக்கொண்டு வந்தது, அவள் அதைப் பந்தாகச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு, வழியில் நின்ற ஜனத்தைப் பிளந்துகொண்டு வாசலைத் தாண்டி வெயிலுக்குள் ஓடினாள்.

துணி இல்லாத ஆண்டவர் முழுசாகக் கயித்தான் தோளில் விழுந்தார். கீழே நீட்டிய கைகள் இன்னும் எட்டவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கியாக வேண்டும், விட முடியாது, ஓட முடியாது. கொஞ்ச நேரம் முன்பு இருந்த அந்த நிம்மதி எங்கே என்று தேடினான், இல்லை. நத்தாள் இப்போது குருசடிச் சிலுவையைத் தாண்டியிருப்பாள், இப்போது தெரு முனை, இப்போது கதவு. அல்லது கதவுக்கு முன்னாலேயே பிலோமி வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டு நிற்பாள். அழுத அழுகையெல்லாம் அவள் சாகுமுன்னே அழுத அழுகை. அவள் அங்கே மூச்சுப் பிடித்துக் கிடந்தபோது இவன் இங்கே அவளை அடக்கம் பண்ணிக்கொண்டிருந்தான். "மெதுவா, மக்கா, மெதுவா" என்று மூப்பர் கீழேயிருந்து, விதியை மறந்து, கெஞ்சினார். கயித்தான் காலால் அடுத்த படியைத் தேடினான். கித்தேரி உயிரோடு இருந்தாள். இனிமேல்தான் அவள் சாக முடியும்.